நூரியின் மெத்தைச் சுவர்: அலுமினியத் தாளா, பட்டியா, பிரிண்டரா?

போன மாதம் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் தம்பி ஒருவன் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஜெலுத்தோங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். 1/48 அளவு, அதாவது நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, சீ கிங் ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் மாடல் கிட். அதை நம் விமானப்படையின் நூரி ஹெலிகாப்டராக மாற்ற வேண்டுமாம். வெளிப்பூச்சு, எண், கொடி எல்லாம் அவனுக்கு அத்துப்படி. உள்ளேதான் சிக்கல். "அண்ணே, சுவத்துல மெத்த மாதிரி கட்டம் கட்டமா தச்சிருக்குமே, அத எதுல செய்யிறது? ரெசின் வாங்கிடவா, பிரிண்ட் பண்ணவா, இல்ல கையாலயே செஞ்சிடவா?"

எல்லா வழியிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அன்றைக்கு டீ ஆறிப்போகும்வரை அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நூரிக்கு நம் ஊரில் அறிமுகம் தேவையில்லை. சிகோர்ஸ்கி எஸ்-61ஏ-4, சீ கிங் குடும்பத்துப் பிள்ளை. 1968-இல் மலேசிய விமானப்படைக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் பறந்தது. பட்டர்வொர்த் தளத்துக்கு எதிர்க்கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்த இரைச்சல் பழகிப்போன ஒன்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடத்தை நிறுத்தி, அது கடந்து போகட்டும் என்று சாக்பீஸோடு நிற்பார். கீழே நிற்பவனுக்கே அப்படியென்றால் உள்ளே இருப்பவன் கதி? இரண்டு டர்பைன் எஞ்சின்களும் பெரிய கியர்பாக்சும் கூரைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கொஞ்சமாவது விழுங்கத்தான் இந்த வகை ஹெலிகாப்டர்களில் உள்சுவருக்கு மெத்தை போடுவார்கள். கண்ணாடியிழைப் பஞ்சை நடுவில் வைத்து, ரெக்சின் மாதிரித் துணியால் மூடி, பஞ்சு சரிந்து அடியில் குவியாமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருப்பார்கள். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையில் குத்துத்தையல் போடுகிறோமே, அதே காரணம்தான். பின்னால் ஓடும் குழாயையும் கம்பியையும் மெக்கானிக் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், கழற்றி மாட்ட ஓரங்களில் அமுக்குப் பொத்தான்கள் இருக்கும். அதனால் இது முழுச் சுவருக்கும் ஒரே விரிப்பு இல்லை. உடலின் உலோகச் சட்டத்துக்குச் சட்டம் தனித்தனித் துண்டு. மாடல் செய்யும்போது பலரும் கோட்டைவிடும் இடம் இது.

இன்னொன்று. ஒரே வகை ஹெலிகாப்டராக இருந்தாலும் உள்ளே ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. சிலவற்றில் மெத்தை பாதிச் சுவருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தகடோடு பறப்பார்கள். ஆகவே எந்த எண்ணுள்ள நூரி, எந்த வருடம் என்று முடிவு செய்து அதன் படத்தைத் தேடி எடுத்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

எதில் செய்வது என்ற கேள்விக்குப் பதில் பொருளில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கதவின் உயரத்தோடு ஒப்பிட்டு எண்ணினால் உங்கள் படத்தில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1/48-இல் அது 2.1 மில்லிமீட்டர், 1/72-இல் 1.4. மெத்தை புடைத்திருக்கும் உயரம் ஒரு சென்டிமீட்டர் என்றால் 1/48-இல் 0.2 மில்லிமீட்டர், அதாவது ஃபோட்டோகாப்பித் தாள் இரண்டை அடுக்கிய கனம். அவ்வளவுதான்! நாம் மனதில் நினைத்து வைத்திருக்கும் புசுபுசு மெத்தைக்கும் இந்த 0.2-க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். கண்ணை ஏமாற்ற 0.3 வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஹெலிகாப்டர் கல்யாண மண்டப சோபாவாகிவிடும்.

எங்கே பார்க்கப் போகிறோம் என்பதும் கணக்கில் சேரும். சீ கிங்கின் பெரிய சறுக்குக் கதவு வலப்பக்கம் பின்னால் இருக்கிறது. அதைத் திறந்து வைத்தால் கண்ணில் படுவது எதிரே இருக்கும் இடச்சுவரும் கூரையில் ஒரு துண்டும்தான். வலச்சுவரைத் தலைகீழாய் நின்றாலும் பார்க்க முடியாது. கதவை மூடிவிடுவதாக இருந்தால் ஜன்னல் வழியாகத் தெரிவது வெறும் நிழல். அதற்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டுத் தூங்கப் போகலாம். தம்பி கதவைத் திறந்துதான் வைக்கப் போகிறான். எனவே வேலை ஒரு சுவருக்குத்தான். இதைச் சொன்னதுமே அவன் முகத்தில் பாதிக் கவலை போய்விட்டது.

சரி, வாங்கிப் போடும் வழி. ரெசினில், அதாவது அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கும் பிசினில், வார்த்த உள்பாகங்கள் பல வருடங்களாகக் கிடைக்கின்றன. இப்போது வண்ணத்தோடு வரும் முப்பரிமாண டீக்கால்களும், அதாவது புடைப்பான ஒட்டுப்படங்களும், வந்துவிட்டன. க்விண்டா ஸ்டுடியோவும், செக் நாட்டு எட்வார்டின் ஸ்பேஸ் வரிசையும் பெயர் பெற்றவை. கருவிப் பலகைக்கும் இருக்கைப் பட்டைக்கும் அவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. தண்ணீரில் ஊறவைத்து, நழுவவிட்டு, வெள்ளைப் பசை தொட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் சுவர் மெத்தைக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. கிட்டைத் தயாரித்தவர் கடற்படைக்கான பதிப்பை மனதில் வைத்திருப்பார், உள்பாகச் செட் செய்தவரும் அதற்கே செய்திருப்பார். ஹசெகாவாவின் 1/48 சீ கிங் நீர்மூழ்கி தேடும் வகை. நமக்கு வேண்டியது ஆட்களை ஏற்றும் நூரி. அடுத்தது தபால். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் பத்து விழுக்காடு வரி இருக்கிறது. அதோடு அனுப்பும் செலவையும் கூட்டினால் சில சமயம் சுவர் கிட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மூன்றாவது, ரெசின் சுவரின் கனம். பிளாஸ்டிக்கை உள்பக்கம் சுரண்டி மெலிதாக்காமல் அது உட்காராது. ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

வீட்டிலேயே முப்பரிமாணப் பிரிண்ட் எடுப்பதைப் பற்றி இளைஞர்கள் கண் மின்ன மின்னப் பேசுகிறார்கள். தப்பில்லை. கணினியில் வரையத் தெரிந்தவனுக்கு, அதே துண்டை நான்கு முறை எடுக்க வேண்டியவனுக்கு அது வரம். மெத்தைக்கு மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரெசின் பிரிண்டரில் வழக்கமாக ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர். நமக்கு வேண்டிய புடைப்பு 0.2. சுவரைப் படுக்க வைத்து எடுத்தால் ஒவ்வொரு கட்டமும் நாலே படி! மெத்தை கிடைக்காது, மாயா பிரமிடுதான் கிடைக்கும். நிமிர்த்திச் சாய்த்து எடுத்தால் புடைப்பு வழவழப்பாக வரும். ஆனால் அரை மில்லிமீட்டர் கனமுள்ள நீளத் துண்டு, கழுவி, புற ஊதா வெளிச்சத்தில் காட்டும்போது அப்பளம் போல வளையும். தாங்குகுச்சி ஒட்டியிருந்த இடமெல்லாம் பின்பக்கம் மச்சம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு ரெசின் வாடையும் கழுவும் ஆல்கஹால் வாடையும் வேறு. என் வீட்டம்மா ஒரே நாள் பொறுத்துக்கொண்டார்.

இருக்கை, தலையணை, தீயணைப்புக் குப்பி மாதிரியான உருண்டு திரண்ட சாமான்களுக்குப் பிரிண்டர் இருக்கட்டும். தட்டையான மெத்தைக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது பட்டி. சுவருக்குப் பூசும் பட்டி இல்லை. இரண்டு குச்சியாக வந்து, சமபாகம் பிசைந்து பயன்படுத்தும் எபாக்சி பட்டி. மிலிபுட், தமியா இரண்டும் நம் ஊர் மாடல் கடைகளில் கிடைக்கும். குழாயில் வரும் சாதாரணப் பிளாஸ்டிக் பட்டி காயும்போது சுருங்கும், இது சுருங்காது. ஈர விரலால் தடவினால் பளிங்கு போல் வழுக்கும். மிலிபுட் பிசைந்தபின் ஒரு மணி நேரமாவது வேலை வாங்கும், கெட்டியாக மூன்று நாலு மணி நேரம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்பே முறுக்கிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள்.

பட்டியில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். என் முதல் நூரி. பட்டியை முகப்பவுடர் தூவிய கண்ணாடி மேல் வைத்து, பேனா உருட்டி மெல்லிய தகடாக்கி, சுவரில் ஒட்டி, கத்தியின் முதுகால் சாய்வுக் கோடுகள் இழுத்தேன். அழகென்றால் அழகு. ஒவ்வொரு கட்டமும் ரவா தோசை ஓரம் போல் புசுபுசுவென்று. இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள் உடலின் இரண்டு பாதியையும் சேர்த்தேன். சேரவில்லை. அழுத்தினேன், மேலே மூடியது, கீழே வாயைத் திறந்தது. தரைப்பலகை இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நெம்புகிறது. மெலிதாக்கியதாக நான் நினைத்த பட்டி பக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை. தரையின் ஓரத்தைத் தேய்த்தால் இருக்கைக் கால்களின் துளை போகிறது, மெத்தையைத் தேய்த்தால் இரண்டு நாள் வேலை போகிறது. மெத்தையைத்தான் தேய்த்தேன். அந்த நூரி இன்னும் அலமாரியில் இருக்கிறது, கதவு மூடியபடி.

பட்டிக்குச் சரியான இடம் இருக்கை மெத்தை. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து, ஓரத்தில் சுருக்கம் விழுந்த விமானி இருக்கையை இதைவிட நன்றாக வேறு எதுவும் காட்டாது. பட்டாணி அளவு உருண்டையை அழுத்தி, ஈரப் பல்குச்சியால் நடுவில் தடவி, மூலையிலிருந்து இரண்டு சுருக்கம் இழுத்தால் ஐந்து நிமிட வேலை. ஒரே மாதிரிக் கோடுகள் நூறு வேண்டுமென்றால் பட்டி வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்தது: சமையலறை அலுமினியத் தாள். ஒரு சுருளின் விலை மாடல் கடையில் ஒரு தூரிகை வாங்கும் காசு கூட இருக்காது. கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குப் பக்கம். சுவரில் ஒட்டினாலும் தரைப்பலகைக்கு அது தெரியாது.

செய்முறை இப்படி. தாளை இரண்டாக மடித்து, பளபளப்பான பக்கம் உள்ளே போகும்படி வைத்து, பஞ்சுத்துணியால் தடவிச் சுருக்கம் நீக்குங்கள். பழைய கணினி மவுஸ் அட்டையின் ரப்பர் பக்கத்தை மேலே வைத்து அதன்மீது பரப்புங்கள். மேலே கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கிராஃப் தாளை ஒட்டுங்கள். நம் எஸ்.பி.எம். பிள்ளைகள் பயன்படுத்தும் தாளில் சின்னக் கட்டம் 2 மில்லிமீட்டர். அதை 48-ஆல் பெருக்கினால் 9.6 சென்டிமீட்டர்! தாளை 45 பாகை திருப்பி ஒட்டிவிட்டு, மை தீர்ந்த பேனாவால் இரும்பு அளவுகோல் வைத்து அதன் கோடுகள் மேலேயே இழுத்தால் 1/48-க்கு உரிய வைரக்கட்டம் தானாகவே வந்துவிடும். 1/72 செய்பவர்கள் தாளைத் திருப்ப வேண்டாம். நேராக ஒட்டி, கட்டங்களின் மூலைக்கு மூலை சாய்வாகக் கோடு போடட்டும். கோட்டுக்குக் கோடு 1.41 மில்லிமீட்டர் வரும், 72-ஆல் பெருக்கினால் பத்து சென்டிமீட்டரும் கொஞ்சமும். இது எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது; மகளின் கணக்கு நோட்டுக்கு ஆயிரம் நன்றி.

பேனாவை ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் நிறுத்திய இடம் குழியும். முதலில் ஒரு திசையில் எல்லாக் கோடும், பிறகு மற்றத் திசை. கிராஃப் தாளை எடுத்துவிட்டு, நாலு கட்டம் சேரும் மூலையில் மட்டும் ஊசிமுனையை மெல்ல ஒற்றினால் தையல் இழுத்த பள்ளம் கிடைக்கும். எல்லா மூலையிலும் செய்யத் தேவையில்லை. ஒன்றுவிட்டு ஒன்று செய்தால்கூடக் கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இங்கே ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். தாளைத் தொட்டால் நசுங்கும். நகம் பட்டால் ஒரு வரிசையே போய்விடும். ஆகவே கவிழ்த்துப் போட்டு, பின்பக்கப் பள்ளங்களில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் தடவி நிரப்புங்கள். காய்ந்தால் உள்ளே பஞ்சு வைத்த மாதிரி புடைப்பு நிற்கும். பிறகு சட்டத்துக்குச் சட்டம் துண்டாக வெட்டி, மெல்லிய இரட்டைப் பக்க டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். துண்டின் ஓரத்தை ஒரு இழை உள்ளே மடக்கினால் விளிம்புத் தையல். வெறும் அலுமினியத்தில் அக்ரிலிக் வண்ணம் நிற்காது, உரிந்து வரும். அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட் கட்டாயம்.

இந்த வேலைக்கு சிகரெட் பெட்டியின் உள்தாளையும் பாட்டில் கழுத்து ஈயத்தாளையும் பெரியவர்கள் புகழ்வார்கள். ஈயத்தாள் அருமையாக மடங்கும், உண்மைதான். ஆனால் இப்போது கிடைப்பது அரிது, கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது. சிகரெட் தாளில் ஏற்கெனவே ஒரு கோலம் அச்சாகியிருக்கும். அது நம் அளவோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

துணி, டிஷ்யூ விஷயத்துக்கு வருவோம். மெத்தை துணிதானே, துணியிலேயே செய்யலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மார்க்கெட் ஸ்திரீட் சேலைக் கடையில் ஆர்கன்சா துண்டு ஒரு முழம் வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தேன். ஆர்கன்சாவில் இழைக்கு இழை அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வையுங்கள். 48-ஆல் பெருக்கினால் இரண்டு சென்டிமீட்டர். ஹெலிகாப்டருக்குள் மீன்வலை கட்டிய மாதிரி இருந்தது. நிஜக் கேன்வாசின் நெசவு இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. சாமான் கட்டும் வலைக்கு மட்டும் அந்தத் துண்டு பிறகு உதவியது. தொங்கும் திரைக்கும் சுருட்டிய கேன்வாசுக்கும் டிஷ்யூவை வெள்ளைப் பசையில் நனைத்துப் போடலாம். நம் மழைமாதத்தில் அது காயாது என்பதை மறக்க வேண்டாம். ஒரு அக்டோபரில் இரண்டு நாள் பிசுபிசுத்ததைப் பொறுமையில்லாமல் மூடிவிட்டேன். அடுத்த தீபாவளிக்குள் உள்ளே கறுப்புப் புள்ளி பூத்துவிட்டது. ஃபேன் அடியில் முழுசாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

தரைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். வழுக்காமலிருக்கப் பூசும் சொரசொரப்பை 1/72-இல் மங்கலான வண்ணமே காட்டிவிடும். 1/48-க்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டிப் பிரைமரைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம். 1000-ஆம் எண் மணல்தாளின் துகள் சுமார் 18 மைக்ரான், 48 மடங்கில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; அளவு பொருந்துகிறது. ஆனால் ஓரத்தில் தாளின் கனம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சுவரோடு சுவர் முட்டும் தரைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவேன்.

வண்ணத்தில் ஒரு வார்த்தை. ரெக்சின் மெத்தை முழு மங்கலும் இல்லை, முழுப் பளபளப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். சாம்பல் அடித்து, பழுப்பு எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தையல் பள்ளத்தில் ஓடவிட்டு, மேட்டில் கொஞ்சம் வெளிர் சாம்பலை உலர்ந்த தூரிகையால் தடவினால் போதும். பள்ளத்தில் கறுப்பு ஊற்ற வேண்டாம். நூறு கட்டத்துக்கும் கறுப்புக் கோடு விழுந்தால் மெத்தை போய் குளியலறை ஓடு தெரியும்.

கடைசியில் தம்பி என்ன செய்தான்? பிரிண்டரை விட மனசு வரவில்லை. துணி இருக்கைகளின் குழாய்ச் சட்டத்தை நண்பனிடம் பிரிண்ட் எடுத்துக்கொண்டான். விமானி இருக்கை இரண்டுக்கும் பட்டி. இடச்சுவருக்கு அலுமினியத் தாள், மூன்றாவது முயற்சியில் தேறியது. போன சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் படம் வந்தது, கூடவே ஒரு கேள்வி: "ஒரு வரிசை கோணலாயிடுச்சுண்ணே. எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்." பெரிதாக்கி, திருப்பி, கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, அந்தக் கோணலுக்கு முன்னால்தான் இருக்கை வரிசையை ஒட்டப் போவதாகப் பதில் போட்டான்.